ஆம்புலன்ஸை அவசரம் வருவதற்கு முன்பே பார்த்து வைப்பது எப்படி: டர்பனில் வாழும் நம் குடும்பங்களுக்கு

நாங்கள் டர்பனின் பீனிக்ஸ் பகுதியில் வாடகை வீட்டுக்குக் குடிவந்தபோது ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காந்த ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஏதோ ஒரு தனியார் ஆம்புலன்ஸ் நம்பர், முன்பு இருந்தவர்கள் விட்டுப்போனது. என் மாமனாரை ஒரு மருத்துவமனையிலிருந்து நகரத்தில் இருக்கும் இன்னொரு மருத்துவமனைக்கு மாற்ற வேண்டி வந்த அன்று, வேறு எதுவும் தெரியாததால் அந்த நம்பரைத்தான் கூப்பிட்டோம். பத்தே நிமிடத்தில் வண்டி வந்துவிட்டது. பளபளவென்று புது வண்டி, இரண்டு பேருக்கும் நல்ல யூனிஃபார்ம், எங்களுக்கு நிம்மதியாகிவிட்டது. என்2 நெடுஞ்சாலையில் உம்கேனி ஆற்றை நெருங்கும்போது, பின்னால் மாமனார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் சிலிண்டரின் கேஜைத் தற்செயலாகப் பார்த்தேன். முள் சிவப்பில் நின்றது. கூட இருந்த பையன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சொன்னதும் ஒன்றும் பேசாமல் எழுந்து ஆக்சிஜன் ஓட்டத்தைப் பாதிக்கும் கீழே குறைத்துவிட்டு உட்கார்ந்தான். வேறு சிலிண்டர் வண்டியில் இல்லை. போய்ச் சேரும்போது மாமனாரின் உதடு நீலம் பாரித்திருந்தது. பிழைத்துக்கொண்டார், அதற்கப்புறம் இரண்டு வருடம் எங்களோடு இருந்தார், ஆனால் அந்தக் கடைசிப் பதினைந்து நிமிடத்தை என்னால் மறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நானே வேறொரு தனியார் ஆம்புலன்ஸின் கண்ட்ரோல் ரூமில் ஆறு வருடம் போன் எடுக்கும் வேலை பார்த்தேன். அங்கே கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். வண்டி எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதை மட்டுமே எல்லோரும் கேட்கிறார்கள். பின்னால் நோயாளியின் பக்கத்தில் யார் உட்காரப்போகிறார், அவர் இன்று காலை என்னென்ன சரிபார்த்தார் என்று கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. உயிர் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கும் ஒரு நாளில்

இந்த வேலையை ஒரு சனிக்கிழமை காலையில் செய்துவிடலாம், ஒரு மணி நேரம் போதும். முதலில் நம்பர்கள். அரசு ஆம்புலன்ஸுக்கு 10177, கைபேசியிலிருந்து எந்த அவசரத்துக்கும் 112. நாடு முழுக்க ஓடும் பெரிய தனியார் சேவைகளில் நெட்கேர் 911-க்கு 082 911, இஆர்24-க்கு 084 124. இவை போக சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், வெருலம், டொங்காட் என்று ஒவ்வொரு பகுதியிலும் உள்ளூர்க்காரர்கள் நடத்தும் சின்ன சேவைகள் இருக்கின்றன. அவற்றில் சில தங்கமானவை. தெரு தெருவாக வழி தெரிந்தவர்கள் என்பதால் பெரிய கம்பெனிகளை விடச் சீக்கிரம் வந்துவிடுவார்கள். ஆனால் சின்ன சேவைகளுக்குள் தரம் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும். அதனால்தான் நாமே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

உங்கள் பகுதியில் ஓடும் இரண்டு சேவைகளைத் தேர்ந்தெடுத்து, அவசரமில்லாத நேரத்தில் அலுவலக நம்பருக்குப் போன் செய்யுங்கள். அவசர நம்பரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், அந்த நேரத்தில் யாருடைய அழைப்பாவது காத்துக்கொண்டிருக்கும். முதல் கேள்வி லைசன்ஸ். 2003-ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டத்தின் கீழ் 2017 டிசம்பரில் வந்த அவசர மருத்துவ சேவை விதிகளின்படி, அரசோ தனியாரோ, யாராக இருந்தாலும் மாகாண சுகாதாரத் துறையின் லைசன்ஸ் இல்லாமல் ஆம்புலன்ஸ் ஓட்டக் கூடாது. லைசன்ஸ் இருக்கிறதா, எப்போது முடிகிறது, எந்த நிலை சேவைக்கு என்று நேராகக் கேளுங்கள். ஒழுங்கான இடத்தில் உடனே சொல்லிவிடுவார்கள், சிலர் மின்னஞ்சலில் நகலே அனுப்புவார்கள். "ஏன் கேட்கிறீர்கள்?" என்று எதிர்க்கேள்வி வந்தால் அடுத்த சேவைக்குப் போய்விடுங்கள்.

இரண்டாவது கேள்வி ஆட்களைப் பற்றி. இங்கே ஆம்புலன்ஸில் வேலை செய்யும் எல்லோரையும் நாம் பாராமெடிக் என்று சொல்லிவிடுகிறோம், அது சரியில்லை. அடிப்படை, இடைநிலை, உயர்நிலை என்று மூன்று படிகள் உண்டு. அடிப்படை நிலையில் இருப்பவர் ஆக்சிஜன் கொடுப்பார், நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் முயற்சி செய்வார், ஷாக் மெஷின் வைப்பார், ரத்தம் நிறுத்துவார், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவார். இடைநிலையில் இருப்பவர் டிரிப் போடலாம், சர்க்கரை இறங்கியவருக்கு நரம்பு வழியாகக் குளுகோஸ் கொடுக்கலாம், ஆஸ்துமாவுக்கு நெபுலைசர் மருந்து கொடுக்கலாம். மூச்சுக்குழாயில் டியூப் போடுவது, இதயத்துக்கான பலமான மருந்துகள் கொடுப்பது எல்லாம் உயர்நிலை ஆட்களின் வேலை. ஒரு காலத்தில் சில வாரப் பயிற்சியோடு அடிப்படை நிலைக்கு வந்துவிடலாம், அப்படி வந்தவர்களில் அனுபவத்தால் அற்புதமாக வேலை செய்கிறவர்கள் நிறைய. இப்போது ஒரு வருடச் சான்றிதழ், இரண்டு வருட டிப்ளமோ, நான்கு வருடப் பட்டம் என்று மாறிவிட்டது, பட்டப்படிப்பு நம் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது. உங்கள் வீட்டில் இதய நோயாளியோ, அடிக்கடி வலிப்பு வரும் குழந்தையோ இருந்தால் கேள்வி இதுதான்: இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் இடைநிலை ஆளாவது வருவாரா? உயர்நிலை ஆள் எங்கிருந்து வர வேண்டும்?

யாராக இருந்தாலும் தென்னாப்பிரிக்க சுகாதாரத் தொழிலர் மன்றத்தில், அதாவது எச்பிசிஎஸ்ஏ-யில், பதிவு இருக்க வேண்டும். பதிவை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அவர்களுடைய இணையதளத்தில் ஐ-ரெஜிஸ்டர் என்று ஒரு பக்கம் இருக்கிறது, பெயரைப் போட்டால் பதிவு நடப்பில் உள்ளதா, எந்தப் படியில் இருக்கிறார் என்று காட்டிவிடும். இலவசம். வேலைக்காரியை வைக்கும்போது கூட நாலு பேரிடம் விசாரிக்கிறோம், இதற்கு இரண்டு நிமிடம் செலவழிக்கலாம்.

முடிந்தால் ஒருமுறை அவர்கள் வண்டி நிற்கும் இடத்துக்கே போய்ப் பாருங்கள். நான் வேலை பார்த்த இடத்துக்கு அப்படி ஒரு ஆன்ட்டி வந்தார், கணவருக்கு டயாலிசிஸ், வாரம் மூன்று முறை வண்டி வேண்டும். ஒரு மணி நேரம் எங்களைக் குடைந்தெடுத்தார், எங்கள் மேலாளருக்கு முகம் சிவந்துவிட்டது, எனக்கோ அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. அவர் பார்த்ததை நீங்களும் பாருங்கள். ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் வண்டிக்குள் இருப்பதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் தாள் ஒன்று இருக்கும், அதைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு வாரத் தாளும் ஒரே பேனாவில், ஒரே வேகத்தில், ஒரே மாதிரி டிக் அடித்திருந்தால் யாரும் எதையும் பார்க்கவில்லை என்று அர்த்தம். உண்மையாகச் சரிபார்த்த தாளில் குறைகள் எழுதியிருக்கும்: "சக்ஷன் பேட்டரி குறைவு, மாற்றினேன்", "சின்ன பிபி கஃப் இல்லை" என்று. குறை எழுதிய தாளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதுதான் நல்ல சேவை. சக்ஷன் மெஷினை ஒரு தடவை ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள், தொண்டையில் வாந்தியோ ரத்தமோ அடைத்தால் அதுதான் காப்பாற்றும், எல்லா வண்டியிலும் கவனிக்கப்படாமல் கிடப்பதும் அதுதான். ஸ்ட்ரெச்சர் மெத்தையைத் தூக்கி அடியில் பாருங்கள். மேலே விரிப்பு வெள்ளையாக இருக்கும், அடியில் காய்ந்த ரத்தக் கறை இருந்தால் அந்த வண்டியை யார் எப்படிக் கழுவுகிறார்கள் என்பது தெரிந்துவிடும். பயன்படுத்திய ஊசிகளைப் போட்டுவைக்க மஞ்சள் டப்பா இருக்க வேண்டும், அது வாய்வரை நிரம்பி வழியக் கூடாது.

அப்புறம் டிரைவர். பயணிகளை ஏற்றி ஓட்டுவதற்கான தனி அனுமதி அவரிடம் இருக்க வேண்டும், எத்தனை மணி நேர ஷிஃப்ட் என்றும் கேட்டுவையுங்கள். பன்னிரண்டு மணி நேரம் வழக்கம். அதற்கு மேல் இழுத்து, தொடர்ந்து அடுத்த ஷிஃப்டும் செய்கிற ஆள் ஓட்டும் வண்டியில் உங்கள் அம்மாவை ஏற்றாதீர்கள்.

ஆக்சிஜன் கணக்கு

இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், காரணம் உங்களுக்கே தெரியும். சிலிண்டரின் கொள்ளளவு லிட்டரில் அதன் மேல் பொறித்திருக்கும். கேஜ் இங்கே பெரும்பாலும் கிலோபாஸ்கலில் காட்டும், அதை நூறால் வகுத்தால் 'பார்' (bar) என்ற அழுத்த அளவு வரும். கொள்ளளவை பாரால் பெருக்கினால் உள்ளே எத்தனை லிட்டர் ஆக்சிஜன் என்று கிடைக்கும். இரண்டு லிட்டர் சின்ன சிலிண்டரில் முள் 10000-இல் நின்றால் 100 பார், ஆக 200 லிட்டர். நோயாளிக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் இருபதே நிமிடம். பீனிக்ஸிலிருந்து நகரத்துக்குள் போக, மாலை நேர நெரிசலில், இருபது நிமிடம் எங்கே போதும்? நான் வைத்திருக்கும் கணக்கு, பயண நேரத்தைப் போல இரண்டு மடங்குக்கு ஆக்சிஜன் இருக்க வேண்டும். மருத்துவமனை வாசலில் காத்திருக்க வேண்டி வரலாம், லிஃப்ட் வராமல் போகலாம்.

சின்ன சிலிண்டர் ஸ்ட்ரெச்சரோடு நடக்க மட்டும்தான். வண்டிக்குள் ஏறியதும் சுவரில் இருக்கும் பெரிய சிலிண்டருக்கு மாற்றிவிட வேண்டும். வண்டி கிளம்பும் முன் "பெரிய சிலிண்டருக்கு மாத்தியாச்சா? கேஜ் எவ்வளவு காட்டுது?" என்று கேளுங்கள். நல்ல ஆள் கோபப்பட மாட்டார், திரும்பிப் பார்த்துச் சொல்வார். சிலிண்டர் கட்டாமல் தரையில் கிடந்தாலும் சொல்லுங்கள், பிரேக் அடித்தால் அது குண்டு மாதிரி பறக்கும்.

போன் செய்யும்போது

முதலில் முகவரி. லைன் துண்டித்தால் முகவரி மட்டுமாவது எங்கள் கையில் இருக்கும். சாட்ஸ்வொர்த்தில் எண் போட்ட ரோடுகள் ஏராளம், அதனால் ரோடு எண்ணோடு யூனிட், பக்கத்துக் கோயில் அல்லது பள்ளிக்கூடம், கேட்டின் நிறம் வரை சொல்லுங்கள். அடுத்து திருப்பிக் கூப்பிட நம்பர். அதற்கப்புறம்தான் என்ன ஆச்சு என்பது, அதையும் மூச்சு விடுகிறாரா, கூப்பிட்டால் பதில் சொல்கிறாரா என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். போனை வைக்காதீர்கள், எதிர்முனையில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அப்படி எதுவும் சொல்லத் தெரியாமல் "வண்டி வருது" என்று மட்டும் சொல்லி வைத்துவிடும் சேவையை மறுமுறை கூப்பிடாதீர்கள்.

சர்க்கரை அளவைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம், ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்கும் வீடுகளுக்கு. ஒரு நாள் ஒரு பெண் பதறிப்போய்க் கூப்பிட்டாள், "அங்கிள், அம்மா மயங்கிட்டாங்க, சுகர் 54". அம்மா கொண்டுவந்த மெஷின் நம்மூர் மெஷின், அது மில்லிகிராமில் காட்டும். இங்கே எல்லோரும் மில்லிமோலில் பேசுகிறார்கள். இங்கே 54 என்றால் மெஷினே காட்ட முடியாத உயரம், ஊர்க் கணக்கில் 54 என்றால் ஆபத்தான இறக்கம், இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். அவள் பேச்சிலேயே ஊர் தெரிந்ததால் எனக்குப் புரிந்துவிட்டது, வேறு யாராவது எடுத்திருந்தால்? ஊர் அளவைப் பதினெட்டால் வகுத்தால் இங்கத்திய அளவு வரும், 54 என்பது 3. நான்குக்குக் கீழே இறங்கினாலே தாழ்வுச் சர்க்கரை. மெஷின் பெட்டி மேலேயே இதை எழுதி ஒட்டிவிடுங்கள்.

பக்கவாதம் மாதிரி வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ, கடைசியாக எத்தனை மணிக்கு அவர் சாதாரணமாக இருந்தார் என்பதைக் குறித்துச் சொல்லுங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன்பு சிடி ஸ்கேன் எடுத்தாக வேண்டும், ஆகவே ஸ்கேன் இருக்கும் மருத்துவமனைக்கே நேராகப் போக வேண்டும்.

வண்டி வருவதற்குள் நாயைக் கட்டுங்கள், இரும்புக் கதவுகளின் பூட்டைத் திறந்து வையுங்கள். லோட்ஷெட்டிங் (மின்வெட்டு) நேரத்தில் எலக்ட்ரிக் கேட் திறக்காமல் வாசலில் வண்டி நின்ற இரவுகள் எனக்கு எத்தனையோ, கேட் மோட்டாரைக் கையால் விடுவிக்கும் சாவி எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். ஒருவர் டார்ச்சோடு வெளியே நிற்கட்டும். இந்த நாட்டில் ஆம்புலன்ஸ் ஆட்களையே வழிமறித்துக் கொள்ளையடிக்கிறார்கள், இருட்டுத் தெருவில் அவர்களும் பயந்துகொண்டுதான் இறங்குகிறார்கள், வாசலில் ஒரு முகம் தெரிந்தால் அவர்களுக்கும் தைரியம்.

வண்டிக்குள்

ஆட்கள் இறங்கியதும் கையுறை, அப்புறம் பெயரைச் சொல்லி அறிமுகம், அப்புறம் நோயாளியிடம் பேச்சு, இந்த வரிசை தானாக வந்தால் நல்லவர்கள் என்று நம்பலாம். பெயரையும் படியையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மயங்கிக் கிடப்பவருக்குச் சர்க்கரை பார்க்காமல் வண்டியை எடுத்தால் "சுகர் பார்த்தீங்களா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். மாத்திரைகளை ஒரு பையில் போட்டுக் கையிலேயே கொடுங்கள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதையும் சொல்லுங்கள். ஆயாவுக்கு (பாட்டிக்கு) ஆங்கிலமோ ஜூலுவோ வராது என்றால் தமிழ் தெரிந்த ஒருவர் பின்னால் கூடவே உட்காரலாமா என்று கேளுங்கள், வலி எங்கே என்று கேட்டுச் சொல்லவாவது ஆள் வேண்டும்.

ஸ்ட்ரெச்சர் பெல்ட் இடுப்பிலும் காலிலும் மட்டும் போதாது, தோள் பெல்ட்டும் போட வேண்டும். தோள் பெல்ட் இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது நோயாளி தலைப் பக்கம் அப்படியே சறுக்கிப் போவார். கூட வருபவரும் பெல்ட் போடணும், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போகவே கூடாது. சைரன் போடச் சொல்லி டிரைவரை நச்சரிக்காதீர்கள். பெரும்பாலான நோயாளிகளுக்கு நிதானமாகப் போவதுதான் நல்லது, பின்னால் இருப்பவர் நின்று வேலை செய்ய வேண்டுமே. வீட்டுக்காரர்கள் ஹசார்ட் லைட் போட்டுக்கொண்டு, சிவப்பு ரோபோவையும் (டிராஃபிக் லைட்) தாண்டி, ஆம்புலன்ஸின் வாலைப் பிடித்துப் போகும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். இன்னொரு விபத்துக்கு இன்னொரு வண்டி அனுப்ப வேண்டி வரும்.

பணமும் உரிமையும்

மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்) கார்டு இல்லை என்றதும் முகம் மாறும் ஆட்கள் உண்டு. அரசியலமைப்பின் 27(3) பிரிவு ஒரே வரிதான்: அவசர மருத்துவ சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது. தேசிய சுகாதாரச் சட்டத்தின் 5-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது, அது தனியாரையும் கட்டுப்படுத்தும். ஆனால் இதற்கு ஓர் எல்லை இருக்கிறது, அதை நம் டர்பன்காரர் ஒருவரின் வழக்கிலிருந்துதான் நாடே தெரிந்துகொண்டது. தியாகராஜ் சுப்ரமணி என்ற நீரிழிவு நோயாளி சிறுநீரகம் செயலிழந்து அடிங்டன் மருத்துவமனையில் டயாலிசிஸ் கேட்டு மறுக்கப்பட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனார். 27(3) என்பது திடீரென்று வரும் ஆபத்துக்குத்தான், தொடர்ந்து செய்ய வேண்டிய சிகிச்சைக்கு அல்ல என்று 1997 நவம்பரில் தீர்ப்பு வந்தது, கொஞ்ச நாளிலேயே அவர் இறந்துபோனார். படிக்கும்போதெல்லாம் மனசு கனக்கும். நமக்கு இதில் விஷயம் என்னவென்றால், டயாலிசிஸுக்குக் கூட்டிப் போய்க் கொண்டுவருவது போன்ற வழக்கமான பயணத்துக்கு இந்தப் பிரிவைப் பிடித்துக்கொள்ள முடியாது. விலை, ரத்து செய்தால் கட்டணம், எந்த நிலை ஆள் வருவார் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மெடிக்கல் எய்ட் இருப்பவர்கள் கார்டின் பின்பக்கத்தைப் பாருங்கள், எந்த ஆம்புலன்ஸோடு ஒப்பந்தம் என்று இருக்கும். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் எது பக்கமோ அதைக் கூப்பிடுங்கள், 1998-ஆம் ஆண்டு மருத்துவத் திட்டச் சட்டத்தின் கட்டாயக் குறைந்தபட்சப் பலன்களில் அவசரநிலையும் சேர்ந்தது. கார்டு இல்லாதவர்களை ஆர்.கே. கான் அல்லது பீனிக்ஸ் மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனை மாதிரி அரசு இடத்துக்குக் கொண்டுபோவார்கள். அங்கே வாசலில் ஆபத்தின் அளவைப் பார்த்து சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று நிறம் கொடுத்துத்தான் வரிசை. சிவப்பு உடனே, ஆரஞ்சு பத்து நிமிடம், மஞ்சள் ஒரு மணி, பச்சை நான்கு மணி நேரத்துக்குள் என்பது இலக்கு. ஆம்புலன்ஸில் வந்தால் முன்னால் பார்ப்பார்கள் என்று நினைத்துப் பணம் செலவழிக்காதீர்கள்.

கோயில் கமிட்டிகளுக்கு

தைப்பூசக் காவடி இங்கே உச்சிக் கோடையில் வருகிறது, விரதம் இருந்து வெறும் வயிற்றோடு, வெறுங்காலோடு, டர்பன் புழுக்கத்தில் நடக்கிறார்கள். தீமிதி, தேர் எல்லாவற்றுக்கும் ஆம்புலன்ஸ் நிறுத்துகிறோம், நல்லதுதான், ஆனால் ஒரே வண்டியைக் கூப்பிட்டு அது முதல் ஆளை ஏற்றிக்கொண்டு போனதும் மைதானத்தில் யாருமே இல்லாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். வண்டி போனாலும் இடத்தில் ஒரு ஆளும் ஒரு ஷாக் மெஷினும் இருக்குமா என்று முன்பே கேளுங்கள். வண்டி வெளியேறும் வழியில் கார் நிறுத்தாமல் பார்த்துக்கொள்ள ஒரு தொண்டரை அதற்கென்றே நிறுத்துங்கள்.

தப்பு நடந்தால்

ஒவ்வொரு பயணத்துக்கும் நோயாளி அறிக்கைத் தாள் ஒன்று எழுதுவார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள், பிபி எவ்வளவு, என்ன மருந்து கொடுத்தார்கள் எல்லாம் அதில் இருக்கும். எது நடந்தாலும் அதன் நகலைக் கேளுங்கள், தகவல் பெறும் உரிமைச் சட்டம் உங்கள் பக்கம். முதலில் கம்பெனிக்கு எழுத்தில், தேதி, நேரம், பெயரோடு புகார். உங்கள் போன் அழைப்பின் குரல் பதிவை அழிக்காமல் வைக்கும்படி அதிலேயே கேளுங்கள். ஒரு ஆள் செய்த தவறு என்றால் எச்பிசிஎஸ்ஏ-க்கு, வண்டி, லைசன்ஸ் பற்றியது என்றால் மாகாண சுகாதாரத் துறையின் அவசர சேவைப் பிரிவுக்கு, மெடிக்கல் எய்ட் பணம் தர மறுத்தால் மருத்துவத் திட்டங்கள் கவுன்சிலுக்கு. வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் கொட்டித் தீர்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். மாமனார் விஷயத்தில் நாங்கள் அப்படித்தான் விட்டோம். யாரிடம் சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை, அந்த வண்டி அதற்கப்புறமும் அதே ரோட்டில் ஓடிக்கொண்டுதான் இருந்தது.